ஊறுகாய்க்காரரின் மூக்கு

வைக்கோல் குவியலின் மேல் ஏறி நின்றதும் அவருடைய கைகள் இரண்டும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொள்கின்றன. பிறகு மிதிக்கத் தொடங்குகிறார். ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கி, நத்தை ஓட்டின் வரியைப் போலச் சுற்றிச் சுற்றி, ஒவ்வோர் அடியிலும் குதிகாலை ஊன்றி நடக்கிறார். காலடியில் ஈர வைக்கோல் முனகுகிறது. ஒரு சுற்று முடிந்தால் இறங்குவதில்லை. கையை மட்டும் கீழே நீட்டுகிறார். அந்தக் கையில் அடுத்த கட்டு வந்து சேர வேண்டும். சற்றுத் தாமதமானால், "என்ன, ஒவ்வொரு தாளா எண்ணியா குடுக்குறீங்க? அதுக்குள்ள உங்க மாடு பேரன் பேத்தி எடுத்துடும்" என்பார்.

ஊறுகாய்க்காரர் என்றால்தான் எங்கள் பகுதியில் அவரைத் தெரியும். மாட்டுக்கு வைக்கோலில் ஊறுகாய் போடுகிறவர் என்று பால் நிலையத்தில் யாரோ கேலியாக வைத்த பெயர் அது. அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "சரியாத்தானே வெச்சிருக்கான்! ரெண்டுக்கும் மூடி முக்கியம், பொறுமை முக்கியம். நடுவுல விரலை விட்டுப் பார்க்குறவன் கையில ரெண்டுமே உருப்படாது."

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மெலிந்த உடம்பு, எடைக்கு ஈடாக முரட்டுக் குதிகால்கள். முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டைக்குக் கீழே பாதங்களின் தோல் வெளுத்து, காய்ந்த சேறுபோல வெடித்திருக்கிறது. கண்கள் எந்நேரமும் சிவந்து, ஓரங்களில் ஈரம் கட்டியிருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள் அவர் இப்போதுதான் அழுது முடித்தார் என்று எண்ணுவார்கள். அது தொழில் தந்த ஈரம்.

அந்தத் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதிர் அடித்தபின் மிஞ்சும் வைக்கோல் மாட்டின் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. யூரியா உரத்தை அளவாக நீரில் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் பூவாளியால் அந்தக் கரைசலைத் தெளித்து, இடையில் காற்றுத் தங்காதபடி மிதித்து, பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மெழுகி, மூன்று வாரம் மூடிவைத்தால் அந்த முரட்டு வைக்கோல் இளகிவிடுகிறது. வெளிறிய நிறம் மாறிப் பழுப்பேறுகிறது. மாடு அதை விரும்பித் தின்கிறது. தின்றது சதையிலும் பாலிலும் தெரிகிறது. அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சியதற்குத் தீ வைத்து எழும் புகையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. மிதிப்பதை நிறுத்திவிட்டு அந்தத் திசையைப் பார்த்து, "சாப்பாட்டைக் கொளுத்துறானுங்க" என்பார். "சக்கைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார். நமக்கு ஊற வைக்கத் தெரியல, அவ்வளவுதான்."

கரைசல் கலந்த பீப்பாயின் மேல் மூடியைப் போட்டு, அந்த மூடியின் மேல் தாம் உட்கார்ந்துகொள்வது அவருடைய வழக்கம். காலி வாளியையும் கவிழ்த்துத்தான் வைப்பார். ஆடோ மாடோ அந்த நீரில் வாய் வைத்துவிட்டால் பிழைப்பது அரிது. "தெளிச்சா தீனி, குடிச்சா விஷம். மாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நமக்காவது தெரியணும்" என்று வீட்டுக்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஒரே வீட்டுக்குப் பத்தாவது முறையாகப் போனாலும் சொல்லுவார்.

இன்னொரு பழக்கம், எதற்கும் மூன்று வாரம் கெடு வைப்பது. செருப்புக் கடித்தால் மூன்று வாரம். கூரை ஒழுகினால், "மூணு வாரம் பார்ப்போம்." மகளுக்கும் மாமியாருக்கும் மனத்தாங்கல் வந்து மகள் பெட்டியோடு வந்து நின்றபோதும், "மூடி வை. மூணு வாரத்துக்கு அதைத் திறக்காதே" என்றாராம். அது பலித்தும் விட்டது. அதனால் அந்தக் கெடுவின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது.

ஊறிய வைக்கோலைத் திறந்த உடனே மாட்டுக்குப் போட்டுவிடக் கூடாது. உள்ளே தேங்கியிருக்கும் ஆவி கண்ணைக் கரிக்கும், தொண்டையை அடைக்கும். நிழலில் உதறிப் பரப்பி, நெடி ஆறியபின்பே தொட்டியில் இட வேண்டும். ஆறிவிட்டதா இல்லையா என்று சொல்வதற்கு மூக்கைத் தவிர வேறு கருவி கிடையாது.

அந்தக் கருவிதான் ஊறுகாய்க்காரரிடம் இல்லை.

ஆண்டுக்கணக்காக அந்த ஆவியில் புழங்கியதில் அவருடைய மூக்கு எப்போது அவிந்துபோனது என்பது அவருக்கே தெரியவில்லை. முதலில் கண்டுகொண்டவர் அவர் மனைவி. ஒருநாள் காலையில் திரிந்துபோன பாலை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு அவர் வேலைக்குக் கிளம்பினார். அந்த அம்மாள் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார். தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு நானும் வரேன்" என்று பின்னாலேயே நடந்தார். அன்றுமுதல் இருவரும் சேர்ந்தே வேலைக்கு வந்தார்கள்.

என்னை அந்த அம்மாள் அண்ணா என்பார். கணவரோ இன்றுவரை சார்தான். "அவளுக்கு அண்ணன்னா எனக்கு மச்சான்தானே? ஆனா மச்சான்னு கூப்பிட்டா நீங்க கூலியைக் குறைச்சிடுவீங்க" என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பசுக்கள் நிற்கின்றன. ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் இருவரும் வருவார்கள். அவர் மேலே மிதிப்பார். அந்த அம்மாள் கீழே பூவாளியோடு சுற்றிவருவார். அந்த அம்மாளுக்குக் கனத்த குரல். "இடப்பக்கம் காயுது பாருங்க! மூக்குதான் போச்சுன்னு நெனைச்சேன், கண்ணுமா போச்சு?" என்று கேட்டால் தெருமுனைவரை கேட்கும். அவர் மேலிருந்தபடி, "காது மட்டும் நல்லாத்தான் இருக்கு. அதையும் நீ கெடுத்துடாதே" என்பார்.

வைக்கோலைத் திறக்கும் நாளில் அந்த அம்மாளின் முறை வரும். பரப்பியதில் ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணை மூடி, ஆழ்ந்து முகர்வார். ஆறியிருந்தால், "போடலாம்" என்று ஒரு சொல். ஆறாவிட்டால் அந்த ஒரு சொல்லும் கிடையாது. உதட்டை இறுக்கி, மோவாய் தோளைத் தொடும்படி முகத்தை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பிக்கொள்வார். வேண்டாம் என்பதற்கு அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. கணவர் உடனே வைக்கோலை மறுபடி உதறிப்போட ஆரம்பிப்பார்.

பால்காரம்மாவுக்கு இது வேடிக்கை. எட்டு மாடு வைத்திருப்பவர், வாய்த்துடுக்கு அதிகம். "பொண்டாட்டி உத்தரவு இல்லாம மாட்டுக்குப் புல்லுகூடப் போட மாட்டீங்களா? ஏன், எனக்கு மூக்கு இல்லையா? நானே பார்த்துக்கிறேன்."

"உங்க மூக்கு அவசரக்கார மூக்கு. மாடு ஒரு தடவை கத்தினா போதும், நெடியெல்லாம் உங்களுக்குப் பூ வாசனையா மாறிடும். என் வீட்டு மூக்கு அப்படி இல்ல."

போன ஆண்டு மழை தொடங்கும் சமயத்தில் அந்த அம்மாள் பூவாளியோடு அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. ஊறுகாய்க்காரர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மருத்துவரை நிறுத்தி, "மூணு வாரம் பார்க்கலாங்களா டாக்டர்?" என்று கேட்டார். மூன்று வாரம் போயிற்று. இன்னொரு மூன்று வாரம் கேட்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கெடு கேட்கவில்லை. ஒழுகும் கூரைக்குக்கூட இப்போது அவர் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.

அவர்கள் வீடு இரண்டே அறை. முன்னறையில் சன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலின் காலில் பூவாளியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்; ஏன் என்று நான் கேட்டதில்லை. அடுத்த தெருவில் குடியிருக்கும் மகள் காலையும் மாலையும் வந்து தாயைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போகிறாள். அந்த அம்மாளின் கண்கள் திறந்தே இருக்கின்றன. ஆனால் யார்மேலும் நிற்பதில்லை. மகள் கூப்பிட்டாலும் கணவர் கூப்பிட்டாலும் ஒன்றுதான். நினைவு முழுவதும் போய்விட்டது, இனி அவர் யாரையும் அறியமாட்டார் என்று மருத்துவர் மகளிடம் சொல்லிவிட்டார். மகள் அழுதபடியே அதை ஏற்றுக்கொண்டாள். தகப்பன் ஏற்கவில்லை.

ஏற்காததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் தலையணையைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறார். சட்டைக் கையில் ஊறிய வைக்கோல் ஒட்டியிருந்தது. கட்டிலில் இருந்தவர் உதட்டை இறுக்கி, மோவாய் தோளைத் தொட, இடப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் வாசலுக்கு ஓடிவந்து, "வேண்டாங்குறா! ஆறலைங்குறா!" என்று கூவினார். அக்கம்பக்கத்தார் என்னவோ ஏதோவென்று வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு வந்த பழக்கம்தான் அந்த எவர்சில்வர் டப்பா. இறுக்கமான மூடி உள்ளது. ஒரு காலத்தில் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரம். யார் வீட்டு வைக்கோலைத் திறந்தாலும் அதில் ஒரு கைப்பிடி அடைத்து, மூடியை அழுத்தி, சைக்கிளில் வீட்டுக்குப் போவார். மனைவியிடம் காட்டுவார். திரும்பிவந்து தீர்ப்பைச் சொல்லுவார்: "இன்னும் ஆறணுமாம்" அல்லது "போடலாமாம்." மூக்கு இல்லாததை முன்பெல்லாம் தம் வாயால் சொல்லாதவர், "என் மூக்கு வீட்டுல படுத்திருக்கு. கேட்டுட்டு வந்துடறேன்" என்று இப்போது தாமே சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். முதல் தடவை கேட்டபோது பால்காரம்மா சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. இப்போது மாடு எவ்வளவு கத்தினாலும் ஊறுகாய்க்காரர் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒருமுறை என் எதிரிலேயே வாக்குவாதம் வந்துவிட்டது.

"அப்பா, அது வெறும் எரிச்சல்பா. தூங்குற குழந்தை மூக்குல மிளகாய்ப் பொடியைக் காட்டினாலும் அது திரும்பத்தான் செய்யும். டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அவருக்கு உங்கம்மாவை இப்பத்தான் தெரியும்."

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியலப்பா. தெரிஞ்சுதான் திரும்புறாங்கன்னா, ஆறின வைக்கோலுக்கு மட்டும் ஏன் திரும்ப மாட்டேங்குறாங்க? அதுல எரிச்சல் இல்ல, அதனால."

"அதைத்தானேம்மா அவ ஆயுசு பூரா சொன்னா? எரிச்சல் இல்லன்னா போடலாம்னு?"

மகள் என்னைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க மாமா." நான் கட்டிலின் காலில் தொங்கிய பூவாளியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் தாயின் மூக்கைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

இந்த ஆண்டு எங்கள் வைக்கோலைத் திறக்கும் முறை சென்ற வாரம் வந்தது. அதற்கு முன்பே அவரிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்திருந்தேன். முன்பெல்லாம் பரப்பி உதறிய வைக்கோலில்தான் ஒரு பிடி எடுப்பார். ஆறிவிட்டதா என்பதுதானே கேள்வி? இப்போது அப்படி இல்லை. தாளை ஓரமாகச் சற்றே விலக்கி, தோள்வரை கையை உள்ளே நுழைத்து, குவியலின் வயிற்றிலிருந்து, நெடி மிகக் கடுமையாக உள்ள இடத்திலிருந்து எடுக்கிறார். எடுத்ததும் காற்றுப் படாமல் டப்பாவில் திணித்து மூடிவிடுகிறார். பால்காரம்மா வீட்டிலும் அப்படித்தான் செய்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த அம்மாளுக்குச் சில நாட்களாகக் கஞ்சியும் சரியாக இறங்கவில்லை என்று மகள் சொல்லியிருந்தாள்.

எங்கள் குவியலிலும் அதே போலக் கையை விட்டார். திறந்த இடத்திலிருந்து ஆவி எழுந்தது. நான் நான்கடி பின்வாங்கி இருமினேன். பசுக்கள் இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு தலையைத் திருப்பின. அவர் மட்டும் முகத்தை அந்தத் துவாரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, அடியில் எதையோ தொலைத்தவர்போலத் துழாவினார். டப்பாவை மூடியபின், "வாங்க சார், நீங்களும். உங்க தங்கச்சி வாயாலயே கேட்டுட்டு வந்துடலாம்" என்றார். இதுவரை டப்பாவோடு போகும்போது அவர் என்னைக் கூட அழைத்ததில்லை. சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே என்னுடன் நடந்தார். வழி நெடுக ஒரு கை டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தது.

மகள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "மாமா, உட்காருங்க. வந்துடறேன்" என்று குரல் கொடுத்தாள். நான் உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றேன். அந்த அம்மாளின் முகம் கூரையைப் பார்த்திருந்தது. நான் கடைசியாகப் பார்த்ததைவிட மிகவும் சுருங்கியிருந்தது.

அவர் கட்டிலருகே குனிந்து மூடியைத் திறந்தார். அறை முழுவதும் நெடி பரவியது. படியில் நின்ற எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

"இந்தா, உங்க அண்ணன் வீட்டு வைக்கோல். பார்த்துச் சொல்லு."

ஒரு கைப்பிடியை அவர் மனைவியின் முகத்தருகே கொண்டுபோனார். முகம் அசையவில்லை. இன்னும் சற்று நெருக்கினார். பிறகு கைப்பிடியைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மறுபடி காட்டினார். அந்த அம்மாளின் இடக்கண்ணில் நீர் திரண்டு கன்னத்தில் வழிந்தது. அந்த ஆவி பட்டால் எந்தக் கண்ணும் கலங்கும். உதடு இறுகவில்லை, மோவாய் தோளின் பக்கம் போகவில்லை. கூரையைப் பார்த்த முகம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆறிப்போச்சோ சார்?" என்றார். "வர்ற வழியில ஆறியிருக்குமோ? மூடி லூசு. நெடி இருக்கா, இல்லையா? சொல்லுங்க."

நான் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் துண்டைப் பார்த்தார்.

வைக்கோலைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினார். மூடியைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தினார். டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துத் துடைத்தார். மனைவியின் கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் ஒற்றி எடுத்தார்.

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நெடி அங்கேயும் எட்டியிருக்க வேண்டும். இத்தனை நாளும் டப்பாவைக் கண்டாலே முகம் சுளித்த மகள் முதன்முதலாகக் கேட்டாள்: "அப்பா... அம்மா என்ன சொல்றாங்க?"

அவர் வலது உள்ளங்கையை மனைவியின் கன்னத்தில் வைத்தார். நிரம்பிய பாத்திரத்தை நகர்த்துவது போல, மோவாய் தோளைத் தொடும்வரை, அந்த முகத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினார்.

"வேண்டாங்குறா. இன்னும் ஆறணுமாம்" என்று உரக்கச் சொன்னார்.

கையை எடுத்தால் முகம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அவர் கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.